மலையில் இருந்தால் நல்ல மருந்து கிடைக்காமல் போகுமா? சினைப்பைப் புற்றுநோய் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 56 வயது. சினைப்பையில் புற்றுநோய், மூன்றாம் நிலை. மூன்று கீமோ, ஆபரேஷன், மறுபடி மூன்று கீமோ என்று போன வாரத்தோடு முடிந்திருக்கிறது. இனி மாத்திரை எழுதலாம், அதற்கு முன்னால் ஜீன் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார் கோயம்புத்தூர் டாக்டர். அந்த டெஸ்ட்டே கையைக் கடிக்கிறது. பக்கத்து லைன் வீட்டு அக்காவுக்கும் ‘கர்ப்பப்பை கேன்சர்’தான், அவருக்கு இம்யூனோதெரபி ஊசி போடுகிறார்களே, அம்மாவுக்கு ஏன் இல்லை? சென்னை, மும்பை போனால் இன்னும் புதிதாக ஏதாவது கிடைக்குமா? மலையை விட்டுக் கீழே குடிபோய்விடட்டுமா?

நாலு கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே பயம்தான்: மேலே இருக்கிற காரணத்தால் அம்மாவுக்குச் சேர வேண்டிய மருந்து சேராமல் போகிறதோ என்பது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரை மலைக்கும் வரும், அதைச் சாப்பிட வீட்டை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஊட்டியில் பார்மசி படித்துவிட்டு, 19 வருடமாகக் கோவையில் ஒரு மருத்துவமனையின் கீமோ கலக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். மருந்து எப்படி வேலை செய்யும், எங்கே சறுக்கும், எதோடு சேர்ந்தால் வம்பு என்பதெல்லாம் என் வேலை. உங்கள் அம்மாவின் ஸ்கேனையோ பயாப்சி ரிப்போர்ட்டையோ நான் பார்க்கவில்லை. அதனால் ‘உங்கள் அம்மாவுக்கு இதுதான்’ என்று எந்த வரியிலும் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்தப் பக்கத்து வீட்டு விஷயம். நம் ஊரில் அடிவயிற்றில் வருகிற எல்லாவற்றுக்கும் ‘கர்ப்பப்பை கேன்சர்’ என்று ஒரே பெயர். உண்மையில் மூன்று வேறு நோய்கள் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. கர்ப்பப்பையின் வாயில் வருவது, கர்ப்பப்பையின் உள்சுவரில் வருவது, சினைப்பையில் வருவது. மூன்றும் ஒரு சாண் இடத்துக்குள் இருந்தாலும் காரணம் வேறு, நடத்தை வேறு, மசிகிற மருந்து வேறு. வாயில் வருவது ஏறக்குறைய எப்போதும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. வைரஸ் கொண்டுவந்த புரதங்கள் அந்த செல்களில் இருப்பதால் உடலின் காவல் செல்களுக்கு ‘இது நம்ம ஆள் இல்லை’ என்று அடையாளம் காண ஒரு பிடி கிடைக்கிறது. இம்யூனோதெரபி அந்தக் காவலின் வாய்க்கட்டை அவிழ்த்துவிடும் மருந்து. அக்காவுக்குப் போடுவது பெம்ப்ரோலிசுமாப் ஆக இருக்கலாம். பரவிய அல்லது திரும்பி வந்த கர்ப்பவாய்ப் புற்றுநோயில் கீமோவோடு அதைச் சேர்த்த 2021 ஆய்வில், பி.டி.எல்.1 என்ற அடையாளம் இருந்த பெண்களில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் 53 சதவீதம். கீமோ மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம். பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் அதே 53-ஐத் திருப்பிப் பார்த்தால் மீதி 47 பேர் என்பதும் உண்மை. விளம்பரத்தில் அந்தப் பாதி வராது.

சினைப்பையில் கதை வேறு. முதல் கட்டச் சிகிச்சையில் கீமோவோடு இம்யூனோதெரபியைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கு இரண்டாகத் தோற்றன. கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டின வகைக் கீமோவுக்கு மசியாமல் திரும்பி வந்த நோயில், வாராந்திர பாக்லிடாக்சலோடு சேர்த்தபோது பலன் தெரிந்ததாக 2025-ல் ஒரு ஆய்வு வந்தது. அது வேறு கட்டம். முதல் கீமோ முடித்து நோய் அடங்கியிருக்கும் ஒருவருக்கு அந்த ஊசியைப் போடச் சொல்ல இன்று ஆதாரம் இல்லை. ஆக, டாக்டர் கொடுக்காமல் விட்டது கஞ்சத்தனத்தால் இல்லை.

அம்மாவுக்கு ஏற்கெனவே என்ன கொடுத்திருப்பார்கள்? பெரும்பாலும் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. பழைய மருந்து என்று இவற்றை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். பாக்லிடாக்சல் அமெரிக்காவின் பசிபிக் யூ மரத்துப் பட்டையிலிருந்து வந்தது. அதன் அமைப்பை 1971-ல் வெளியிட்ட குழுவில் மன்சுக் வானி என்ற இந்தியர் இருந்தார், மன்ரோ வால் என்ற அமெரிக்கரோடு. தண்ணீரில் கரையாத மருந்து அது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில்தான் வரும். கண்ணாடிக் குப்பியைக் குலுக்கினால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை கட்டிக்கொள்ளும், அப்புறம் அளவு எடுக்கவே முடியாது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், குலுக்காதே, உருட்டு. முதல் பத்து நிமிடத்தில் சிலருக்கு முகம் சிவந்து மூச்சு முட்டுவதற்கும் பெரும்பாலும் அந்தக் கரைப்பான்தான் காரணம். அதனால்தான் அந்த ஒவ்வாமையை அடக்க முன்னாடியே டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள்.

ஒரு சின்ன விலகல், நம் மலைக்காரர்களுக்குப் பிடிக்கும். அதே வானியும் வாலும் 1966-ல் ஒரு சீன மரத்திலிருந்து காம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்திருந்தார்கள். 1972-ல், முன்பு சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு மரத்தில் தாராளமாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பூ நாறும் மரம், அதனால் அப்போதைய தாவரவியல் பெயரே மாப்பியா ஃபீட்டிடா. அந்தப் பொருளை மாற்றியமைத்துச் செய்த டோபோடெகான், திரும்பி வரும் சினைப்பைப் புற்றுநோய்க்கு 1996-லிருந்து பயன்படுகிறது. மரம்தான் பாவம், வெட்டி வெட்டிக் குறைந்துபோனது.

சரி, மாத்திரைக்கு வருவோம். டாக்டர் மனதில் இருப்பது ஓலாபரிப் அல்லது நிராபரிப். பார்ப் தடுப்பு மருந்துகள் என்பார்கள். இது எப்படி வேலை செய்கிறது என்று வார்டில் விளக்கும்போது நான் நம் சாலைகளைத்தான் சொல்வேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க குஞ்சப்பனை வழி ஒன்று, குன்னூர், பர்லியார் வழி ஒன்று. மழையில் ஒன்றில் மண் சரிந்தால் இன்னொன்றில் போய்விடுவோம். செல்லுக்குள் டி.என்.ஏ. தினமும் உடைகிறது, தினமும் ஒட்டப்படுகிறது. ஒட்டுவதற்கு அதற்கும் வழிகள் உண்டு. பி.ஆர்.சி.ஏ. என்ற ஜீன் பழுதான புற்றுசெல்லில் குஞ்சப்பனை வழி ஏற்கெனவே அடைந்துபோனது. மாத்திரை போய் பர்லியார் வழியையும் அடைக்கிறது. அந்த செல் உடைந்ததை ஒட்ட வழியில்லாமல் சாகிறது. உடலின் மற்ற செல்களுக்கு முதல் வழி திறந்தே இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கின்றன. உள்ளே நடப்பது இதைவிடச் சிக்கல், ஆனால் டெஸ்ட் எதற்கு என்று புரிந்துகொள்ள இது போதும். இரண்டு சாலையும் திறந்திருக்கும் கட்டியில் ஒன்றை மட்டும் அடைத்துப் பெரிய லாபம் வராது.

எண்களைப் பாருங்கள். கீமோவுக்கு நன்றாக மசிந்த, பி.ஆர்.சி.ஏ. பழுதுள்ள 391 பெண்களில் செய்த ஆய்வு 2018-ல் வந்தது. இரண்டு வருடம் ஓலாபரிப். ஏழு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோது மாத்திரை எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 46.5 சதவீதம், அவர்களில் பலருக்குப் பிற்பாடு இதே வகை மருந்து கொடுக்கப்பட்டும்கூட. மூன்றாம் நிலை சினைப்பைப் புற்றுநோயில் இப்படி ஒரு எண்ணை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் யாரும் கனவு கண்டதில்லை. இது உறுதியான செய்தி.

அடுத்த படி கொஞ்சம் கலங்கல். பி.ஆர்.சி.ஏ. சரியாக இருந்து, ஆனால் அந்த ஒட்டுகிற வழியில் வேறு எங்கோ பழுது இருக்கும் கட்டிகள் உண்டு. ரிப்போர்ட்டில் எச்.ஆர்.டி. பாசிட்டிவ் என்று வரும். அவர்களுக்கும் பலன் உண்டு, பெவாசிசுமாப் ஊசியோடு ஓலாபரிப் சேர்த்த ஆய்வில் நன்றாகவே தெரிந்தது. இரண்டும் இல்லாதவர்களுக்கு? நிராபரிப் நோய் திரும்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஆனால் எல்லோரையும் சேர்த்து நடத்திய அந்த ஆய்வின் கடைசிக் கணக்கு 2024-ல் வந்தபோது, ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல முறை கீமோ எடுத்து ஓய்ந்தவர்களுக்கு இந்த மாத்திரைகளைச் சிகிச்சையாகக் கொடுப்பது ஆயுளைக் குறைக்கலாம் என்ற சந்தேகம் எழுந்து, 2022-ல் கம்பெனிகளே அமெரிக்காவில் அந்த உபயோகத்தைத் திரும்பப் பெற்றன. அதே மருந்துதான். கட்டி மாறினால், கட்டம் மாறினால் பலனும் தலைகீழாகும். என் அனுபவத்தில் ‘புதுசு’ என்ற சொல்தான் குடும்பங்களை அதிகம் கடனாளியாக்கியிருக்கிறது. எந்தக் கட்டிக்கு என்று கேட்காமல் விலையை மட்டும் கேட்டு நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே டெஸ்ட். இரண்டு விதமாக எடுப்பார்கள். ரத்தத்தில் எடுத்தால் பிறவியிலேயே வந்த பழுது தெரியும். கட்டியில் எடுத்தால் கட்டிக்குள் மட்டும் ஏற்பட்ட பழுதும், எச்.ஆர்.டி.யும் தெரியும். கட்டியில் எடுக்க ‘பிளாக்’ வேண்டும். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், தீப்பெட்டியில் பாதி அளவு பிளாஸ்டிக் கூட்டில் ஒரு மெழுகு வில்லை, ஓரத்தில் பென்சிலில் ஒரு நம்பர். பேத்தாலஜி லேபில் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினால் மெழுகு உருகாத இடத்தில் வையுங்கள், காரின் முன்கண்ணாடிப் பக்கம் வைக்காதீர்கள். மலையிலிருந்து வந்த ஒரு குடும்பம், மெழுகுதானே என்று நினைத்து ஆபரேஷன் நடந்த இடத்திலேயே விட்டுவிட்டது. கொஞ்ச வருடம் கழித்து நோய் திரும்பியபோது கேட்டால், அந்த ஆஸ்பத்திரியில் பழைய பிளாக்குகளைக் கழித்துவிட்டார்களாம். அந்த அம்மாவுக்கு மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டியதாயிற்று.

நாள் கணக்கும் முக்கியம். நான் சொன்ன ஆய்வில் கடைசிக் கீமோ முடிந்து எட்டு வாரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினார்கள். ரிப்போர்ட் வர மூன்று, நான்கு வாரம் ஆகிவிடும். இந்த வாரமே கொடுத்தால் கணக்கு சரியாக வரும். பணம் சேரட்டும், ஊர்த் திருவிழா முடியட்டும் என்றால் தாண்டிவிடும்.

ரத்தத்தில் பழுது வந்தால் அது அம்மாவோடு நிற்காது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண் பிள்ளைக்கும்தான். அக்கா, தங்கை, சித்தி வரை சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மறைக்கும் வீடுகள் நிறைய. எனக்கு அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் தெரிந்திருந்தால் உங்கள் தங்கை குழந்தைகள் பெற்று முடித்த பிறகு சினைப்பையையும் குழாயையும் எடுத்துவிட முடியும், மார்பகத்துக்கும் முன்கூட்டியே ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம்.

வேறு புதிய மருந்துகளையும் கேட்டிருந்தீர்கள். கட்டியைத் தேடிப் போய் ஒட்டும் ஆன்டிபாடி என்ற புரதத்தின் முதுகில் கீமோவை ஏற்றி நேராகக் கட்டிக்கு அனுப்பும் ஊசிகள் வந்திருக்கின்றன. சினைப்பைக்கு மிர்வெடுக்சிமாப், கர்ப்பவாய்க்கு டிசோடுமாப். இரண்டுமே பிளாட்டினம் கைவிட்ட பிறகு, அல்லது நோய் திரும்பிய பிறகு வரும் கட்டத்துக்கானவை. இரண்டும் கண்ணைப் பாதிக்கலாம், கண் டாக்டரைப் பார்க்காமல் கொடுக்க மாட்டார்கள். இன்று உங்களுக்குத் தேவையில்லாத பேச்சு, விட்டுவிடுவோம். கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோயில் எம்.எம்.ஆர். (டி.என்.ஏ. நகலெடுக்கும்போது வரும் பிழையைத் திருத்தும் அமைப்பு) பழுதுள்ளவர்களுக்கு இம்யூனோதெரபி அருமையாக வேலை செய்கிறது, அங்கேயும் டெஸ்ட்டுதான் வாசல்.

புதுமை என்றால் விலை உயர்ந்தது என்று நினைப்பதற்கு ஒரு மாற்று உதாரணம். கர்ப்பவாய்ப் புற்றுநோயில் ரேடியேஷனுக்கு முன் ஆறு வாரம், வாரம் ஒருமுறை, அம்மா எடுத்த அதே கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-ல் லான்செட் இதழில் வந்தது. ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 72-லிருந்து 80 சதவீதமாகக் கூடினார்கள். காப்புரிமை முடிந்த, மாவட்டத் தலைநகரில்கூடக் கிடைக்கிற மருந்துகள். அதற்கும் முன்னால், மும்பை டாடா நினைவு மருத்துவமனை 850 பெண்களில் நடத்திய ஆய்வு, கர்ப்பவாய்ப் புற்றுநோயின் மூன்றாம் நிலையில் ரேடியேஷனோடு வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் சேர்த்தால் ஐந்து வருட உயிர்வாழ்வு 46-லிருந்து 54 சதவீதமாகக் கூடுகிறது என்று 2018-ல் காட்டியது. நம் பெண்களிடமே, நம் நாட்டு நிலைமையிலேயே செய்தது என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

இப்போது மலை. ஓலாபரிப் என்றால் வழக்கமான அளவு காலையில் இரண்டு 150 மில்லிகிராம் மாத்திரை, இரவில் இரண்டு. அதை எந்த ஊரில் விழுங்கினாலும் ஒன்றுதான். முதல் வருடம் மாதாமாதம் ரத்த அணுக்கள் எண்ண வேண்டும், அதைக் கோத்தகிரியிலேயே எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இந்த மாத்திரையில் கடுமையாக வரும் தொல்லைகளில் அதிகம் பார்ப்பது ரத்தசோகை. கீழே சமதளத்தில் இருப்பவருக்கு ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கும் வரை தெரியாமல் போகலாம். மேட்டில் இருக்கும் உங்களுக்கு முன்னாடியே தெரிந்துவிடும். பஸ் நிறுத்தத்திலிருந்து லைன் வீட்டுக்கு ஏறும் படிகளில் அம்மா போன மாதம் எத்தனை முறை நின்றார், இந்த மாதம் எத்தனை முறை நிற்கிறார் என்று பாருங்கள். கூடியிருந்தால் அடுத்த டெஸ்ட் தேதி வரை காத்திருக்காதீர்கள். நிராபரிப் என்றால் பிளேட்லெட்டும் ரத்த அழுத்தமும் கவனிக்க வேண்டும். எடை 77 கிலோவுக்குக் கீழ் இருந்தால் முழு 300 இல்லாமல் 200 மில்லிகிராமில் தொடங்க வேண்டும், நம் பெண்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். நூற்றில் ஒருவருக்கோ சற்றுக் கூடவோ பிற்காலத்தில் ரத்தப் புற்றுநோய் வரும் அபாயமும் இந்த வகைக்கு உண்டு. மறைக்காமல் சொல்கிறேன், பி.ஆர்.சி.ஏ. பழுதுள்ளவர்களுக்கு லாபம் அதைவிடப் பல மடங்கு.

பழம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓலாபரிப்போடு கிரேப்ஃப்ரூட் கூடாது, மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறும். பஸ் நிற்கும் இடங்களில் வாங்கும் பம்ளிமாஸ் அதன் நெருங்கிய சொந்தம், அதையும் தவிர்த்துவிடுங்கள். கமலா ஆரஞ்சு பரவாயில்லை. ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின் மாதிரி மருந்துகளும் அளவை ஏற்றும், டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் இந்த மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். முள் சீத்தாப் பழமும் அதன் இலையும் கீமோவைவிடப் பல மடங்கு வலிமை என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். மனிதர்களில் அப்படி எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. பழத்தைப் பழமாக ஒன்றிரண்டு சாப்பிடட்டும், இலைக் கஷாயம் வேண்டாம்.

கடைசிக் கீமோ போன வாரம்தான் என்கிறீர்கள், அதனால் அடுத்த பத்து நாளைக்கு வீட்டில் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். குளிரில் நடுங்குவதை ‘பனிதான்’ என்று போர்வை போர்த்திவிடுகிறார்கள் நம் ஊரில். 100.4 டிகிரி காட்டினால் அது ராத்திரி இரண்டு மணியானாலும் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய், கீமோ எடுத்தவர் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். கோவை வரை போய்க்கொள்ளலாம் என்று மலை இறங்காதீர்கள், முதல் ஆன்டிபயாடிக் மேலேயே போட்டுவிட வேண்டும். பாக்லிடாக்சலால் அம்மாவுக்கு விரல் நுனியும் பாதமும் மரத்திருக்கலாம். கொழுந்து கிள்ளுவது சில மாதம் சிரமம்தான், மெல்லத் தேறும். அதைவிட ஆபத்து, கணப்புச் சட்டியில் காலை நீட்டிக் குளிர் காய்வது. சுடுவது தெரியாது. ஒரு பாட்டியம்மா கொப்புளம் உடைந்த பிறகுதான் கவனித்தார், அதற்கே ஒரு மாதம் ஆயிற்று.

செலவுக்கு வருகிறேன். ஓலாபரிப் இந்தியக் கம்பெனிகளின் ஜெனரிக்காக வந்துவிட்டது, பிராண்ட் விலையைக் கேட்டுப் பயந்து திரும்பாதீர்கள், டாக்டரிடம் ‘ஜெனரிக்கில் எழுதுங்கள்’ என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. கீமோவும் ஆபரேஷனும் அதில் வரும். எந்த மாத்திரை எந்தப் பேக்கேஜில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். சென்னை போவதாக இருந்தால், இரண்டாவது கருத்துக்காக ஒருமுறை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் போய் வாருங்கள், ஸ்லைடும் பிளாக்கும் கையில் இருக்கட்டும். அதற்காகக் குடித்தனத்தைப் பெயர்க்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் வந்ததும் முதல் பக்கத்தைப் பாருங்கள். ‘பாத்தோஜெனிக்’ அல்லது ‘லைக்லி பாத்தோஜெனிக்’ என்று இருந்தால் அந்தப் பழுது கணக்கில் வரும். ‘வி.யு.எஸ்.’ என்று இருந்தால் அர்த்தம் புரியாத ஒரு மாற்றம் மட்டுமே, அதை வைத்து மாத்திரை தொடங்கக் கூடாது, தங்கையைப் பயமுறுத்தவும் கூடாது. யாராவது அதை பாசிட்டிவ் என்று சொல்லி மாத்திரையை எழுதினால் இன்னொருவரிடம் காட்டுங்கள். பாசிட்டிவாகவே வந்து மாத்திரை தொடங்கினால், ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எப்போதும் பத்து நாள் மாத்திரை கூடுதலாக வீட்டில் இருக்கும்படி வாங்கி வையுங்கள். இரண்டு சாலையும் ஒரே நாளில் அடைபடுகிற மழை நம் மலையில் புதிதில்லை.